முப்பத்துநான்காம் பிரதி

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள். ஒன்றின்மேல் மற்றதைக் கவிழ்த்து, பச்சைத் துவாயால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. அதன் பிறகுதான் அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற பெண்ணைப் பார்த்தேன்.

இரவு வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. டென்மார்க்கின் ஒடென்சேயில் முதியோர் இல்லம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். இருந்த இடத்திலிருந்து எழுந்தால் எதற்காக எழுந்தேன் என்று மறந்துபோகிற களைப்பு ஒன்று உண்டு. அதில் இருந்தேன். வியாழக்கிழமை தொலைபேசியில் வரச் சொன்னது நான்தான் என்பதால் சிரித்தேன்.

வந்தவர் பிரெடெரிசியாவில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் அவரைப் பிரெடெரிசியா அக்கா என்றுதான் சொல்வோம்.

"ரெண்டு கோப்பைக்கு நடுவிலை வைச்சுக் கொண்டுவந்தனான், பிள்ளை. ரெயினிலை ஆரும் இடிச்சு வளைச்சுப் போடுவினம் எண்டு."

மேசையில் வைத்துத் துவாயை அவிழ்த்தார். தட்டுகளுக்கு நடுவே ஒரு பட்டுத் துணித் துண்டு, அதற்குள் ஒரு இறுவட்டு, டிவிடி. அவருடைய தம்பியின் மகளுக்குப் பதினாறு வருடங்களுக்கு முன் அல்பர்ட்ஸ்லுண்டில் நடந்த சாமத்தியச் சடங்கின், அதாவது பூப்பு நீராட்டின், வீடியோப் பிரதி.

ஓடாத இறுவட்டுகள் என்னிடம் வருவதற்குத் தகுதி என்று எதுவும் எனக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்தேன். மூலப் பிரதியையும் அச்சுப் படியையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை. இங்கே வந்த பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கணினியில் இறுவட்டைப் பிரதி எடுக்க முடிந்தது. ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். பிறகு கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் என் மேசைக்கு வந்தன. பிரதி எடுப்பது நின்று பல வருடமாகிறது. திருத்துவது மட்டும் நிற்கவில்லை. இப்போது பெரும்பாலான வீடுகளில் பிளேயரே இல்லை. என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றும் பழைய பொருள் கடையில் வாங்கியவை. ஒன்று மறுக்கும் இறுவட்டை மற்றது எடுக்கும்.

காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கறி பட்ட விரல். பெயர் எழுதி ஒட்டிய தாள் ஈரத்தில் சுருண்டு, இறுவட்டு நேராகச் சுழலாமல் போவது. தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்த வட்டம். பிரதி எடுத்தவர், கணினி பதிவை முடிக்குமுன்னமே கழற்றிவிட்டது. இவற்றில் பாதியைக் கழுவித் துடைத்தாலே ஓடும்.

"என்ன செய்யுது, அக்கா?"

"என்ன செய்யுதோ? என்னை வெட்டியிருக்கு."

"வெட்டியிருக்கோ?"

"கடைசி ஆலாத்தி நான்தானே எடுத்தனான். மாமிக்காரி எண்டு என்னைத்தான் கூப்பிட்டவை. பிள்ளைக்குக் கண்ணூறு கழிச்சுப்போட்டுத்தான் மேடையாலை இறங்கினனான். இதிலை, சனம் வரிசையிலை வந்து பரிசு குடுக்கிறது வரைக்கும் வருது. பிறகு படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, டக்கெண்டு முதல் பக்கத்துக்குப் போட்டுது. நான் வாறதுக்கு முன்னமே முடிஞ்சுது."

"தம்பியிட்டைக் கேக்கேல்லையோ?"

"வெட்டினவையிட்டையே போய் ஏன் வெட்டினியள் எண்டு கேக்கச் சொல்லுறீரோ? அவன் வெட்டமாட்டான். மச்சாள் சொல்லியிருப்பா. அவவுக்கு என்னிலை எப்பவும் ஒரு இது."

அந்த 'இது' பதினாறு வருடம் நீடித்திருந்தது. கோயில் திருவிழாவில் கண்டால் ஒரு தலையசைப்பு. மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் கணவர் இறந்தபோது தம்பி வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனார். இப்போது, அந்தச் சடங்குக்குரிய பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. மூன்று வாரத்தில் கலியாணம்.

"காட் வந்திருக்கு. தம்பியும் ஃபோன் எடுத்தவன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வைச்சிட்டன். நீர் பேப்பரிலை இருந்தனீர். வெட்டினதோ, தானா நிண்டதோ எண்டு உமக்குத் தெரியும். வெட்டினதெண்டால் நான் போகேல்லை. தானா நிண்டதெண்டால் போறன். அதைச் சொல்லும், காணும்."

இறுவட்டைத் துணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். பளபளப்பான பக்கத்தில், நடுத் துளைக்கு அருகே, சுண்டுவிரல் நகமளவு காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இது என்னக்கா?"

"பொட்டு. தபாலிலை வந்த உடனை சாமியறையிலை வைச்சு எடுத்தனான். மங்களமான சாமான் அல்லோ."

"ஏன் இந்தப் பக்கத்திலை வைச்சனீங்கள்?"

"அதுதானே முகம்? மற்றப் பக்கத்திலை எழுத்துக் கிடக்கு."

புதுக் காருக்கு வைப்போம், புது வீட்டுச் சாவிக்கு வைப்போம், பிள்ளையின் சோதனை அனுமதி அட்டைக்கும் வைப்போம். இறுவட்டில் நான் பார்த்தது இது மூன்றாவது. மூன்றிலும் மினுங்கும் பக்கத்தில்தான் இருந்தது. எழுத்து உள்ள பக்கத்தை முதுகு என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். பிளேயரின் ஒளி படிப்பது மினுங்கும் பக்கத்தை.

"இதுதான் காரணம், அக்கா," என்றேன். "ஒருத்தரும் வெட்டேல்லை. படிக்கிற பக்கத்திலை சந்தனம் கிடந்தால் எப்பிடி ஓடும்? கழுவிப் பாக்கிறன், சில நேரம் வரும்."

எனக்கு நித்திரை வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, எனக்குக் கட்டில் தேவைப்பட்டது. இறுவட்டைப் பிளேயரில் போட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நானோ?"

"வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

"என்ரை கையாலையோ?" வலது கையின் மோதிர விரலைப் பார்த்தார். "தம்பிக்கு என்னத்தைச் சொல்லிக்கொண்டு போறது? நான் பொட்டு வைச்சனான், அதாலை பதினாறு வருஷம் உங்களோடை கதைக்கேல்லை எண்டோ? மச்சாள் சிரிச்சே செத்துப்போவாள்."

"தானா நிண்டதெண்டால் போறன் எண்டு சொன்னீங்கள்."

"தானா நிக்கேல்லையே, பிள்ளை. நானெல்லோ நிப்பாட்டினனான்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். துவாயை இரண்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனார். இறுவட்டு என் மேசையில் இருந்தது.

இரண்டு மணிக்கு எழுந்தேன். இறுவட்டை இளஞ்சூட்டு நீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடிப் பெரிதாகும். சந்தனம் போய்விட்டது. குங்குமத்தின் சிவப்பு மட்டும் துணியில் மிஞ்சியது.

முதலாவது பிளேயரில் போட்டு, இரண்டரை மணி நேரத்தைத் தள்ளி, பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் வரிசையில் வந்து பரிசு கொடுத்தார்கள். இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் கைகுலுக்கக் கையை நீட்டியபோது படம் சதுரம் சதுரமாக உடைந்தது. நின்றது. முதல் பக்கம் வந்தது. இரண்டாவது பிளேயரிலும் அதே மீசைக்காரர், அதே கை. மூன்றாவது சற்று முன்னமே நின்றது. கணினியிலும் மிக மெதுவாகப் படிக்கவைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

இறுவட்டு நடுவிலிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தொடக்கம் துளைக்கு அருகே, முடிவு ஓரத்தில். பொட்டு இருந்தது துளைக்கு அருகே. பொட்டினால் பழுது வந்திருந்தால் வீடியோ தொடங்கியே இருக்காது. ஆனால் அக்காவின் வீட்டில் அது ஒவ்வொரு முறையும் தொடங்கியிருக்கிறது. நின்றது ஓரத்தில், பொட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளி. இது எனக்குப் பல வருடமாகத் தெரிந்த விஷயம். காலையிலும் தெரிந்திருந்தது.

எழுத்து உள்ள பக்கத்தைத் திருப்பினேன். நீல மையில், ஒரு வட்டத்துக்குள், 34. என் கையெழுத்து.

அந்தச் சடங்கின் பிரதிகளை எடுத்தது நான்தான் என்பதை நான் மறந்திருக்கவில்லை. அக்காவும் மறந்திருக்கவில்லை, அதனால்தான் என்னிடம் வந்தார். ஆனால் பழுதுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவர் வெட்டியவர்களை யோசித்தார். நான் சந்தனத்தை யோசித்தேன்.

நாற்பது பிரதிகள். மச்சாள், அதாவது அக்காவின் தம்பி மனைவி, இரண்டு தாளில் பெயர்ப் பட்டியல் தந்திருந்தார். எது யாருக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொன்றிலும் எண் எழுதினேன். பத்திரிகைப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே தொடங்கினேன். முதல் இருபதையும் மிகக் குறைந்த வேகத்தில் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம். மதியம் நெருங்கியபோது இன்னும் இருபது இருந்தது. எனக்கு மூன்று மணிக்கு வேலை. திங்கட்கிழமை தபாலில் போகவேண்டும் என்று மச்சாள் சொல்லியிருந்தார். வேகத்தை ஆகக் கூடியதுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்தில் வெளியே வந்தது. அவற்றை ஓடவிட்டுப் பார்த்துத்தான் உறையில் போட்டேன். பார்த்தது முதல் இரண்டு நிமிடத்தை.

மூன்று மணி நேர வீடியோவை ஒரே இறுவட்டில் அடக்கியிருந்ததால் அது ஓரம் வரை நிரம்பியிருந்தது. வேகமாக எழுதினால் முதலில் கெடுவது ஓரம்தான்.

இருபது வீடுகளுக்கு அந்தப் பிரதிகள் போயிருக்கின்றன. பதினாறு வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் என்று யோசித்தபோது, எத்தனையோ வரவேற்பறைகளில் பார்த்தது நினைவுக்கு வந்தது. ரிமோட்டைப் பிடித்திருப்பவர் வேகமாக ஓட்டுவார். "நில்லு நில்லு, உதிலைதான் நான்," என்று ஒருவர் கத்துவார். பின்னுக்கு இழுத்து அந்த இடத்தை இரண்டு தரம் பார்ப்பார்கள். "என்ன, நான் இவ்வளவு குண்டோ?" பிறகு சாப்பிடப் போவார்கள். எங்கள் ஆட்கள் ஒரு சடங்கு வீடியோவைத் தாங்கள் வருகிற இடம் வரைக்கும்தான் பார்க்கிறார்கள். ஆகக் கடைசியில் வருகிறவர் மட்டும்தான் ஆகக் கடைசி வரை பார்ப்பார்.

ஞாயிறு காலை அல்பர்ட்ஸ்லுண்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மச்சாள்தான் எடுத்தார். கலியாண வேலையில் தொண்டை அடைத்திருந்தது.

"உங்கடை மகளின்ரை சாமத்தியவீட்டு டிவிடி இருக்கோ?"

"உதை ஏன் இப்ப? இருங்கோ." பெட்டிகள் இழுபடும் சத்தம். "கிடக்கு. தூசி."

"மேலை என்ன நம்பர் எழுதியிருக்கு?"

"ஒண்டு."

"நீங்கள் அதைக் கடைசி வரைக்கும் பாத்தனீங்களோ?"

"ஆர் பாத்தது? சனத்துக்குச் சாப்பாடு குடுக்கிறது மட்டும் பாத்தம். மரக்கறிப் பந்தியிலை கத்தரிக்காய் முடிஞ்சுபோச்சு எண்டு ஒரு கதை வந்தது, அதைப் பாக்க. முடியேல்லை, வடிவா இருந்தது. ஏன் கேக்கிறியள்?"

பிரெடெரிசியா அக்காவின் பிரதி கடைசியில் ஓடவில்லை என்றேன்.

"கடைசி ஆலாத்தியை அவவுக்கெண்டே வைச்சனாங்கள். என்ரை சொந்த அக்கா கேட்டவ, குடுக்கேல்லை. இவவுக்குக் குடுத்தம். அதுக்குப் பிறகு ஒரு ஃபோன் இல்லை, ஒரு கதை இல்லை. சரி, பெரிய ஆளாக்கும் எண்டு நாங்களும் விட்டிட்டம். இப்பவும் கலியாணத்துக்கு வாறனெண்டோ வரேல்லையெண்டோ சொல்லேல்லை. கதிரை போடுறதோ விடுறதோ?"

"போடுங்கோ," என்றேன். சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. பிழை யாருடையது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதை முதலில் கேட்கவேண்டியவர் பிரெடெரிசியாவில் இருந்தார்.

கலியாணப் பெண் ஒடென்சேயில்தான் வேலை செய்கிறாள். வாரக் கடைசியில் பெற்றோரிடம் போய்வருகிறவள், நான் கேட்டிருந்த ஒன்றாம் பிரதியைப் புதன்கிழமை வேலை முடிந்து கொண்டுவந்தாள். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நீட்டினாள்.

"உள்ளை வாரும். சேர்ந்து பாப்பம்."

"ஐயோ அன்ரி, நான் அதைப் பாக்கவே மாட்டன். சரியான பின்லிட்."

வெட்கக்கேடு என்பதற்கு அவர்கள் பள்ளிக்கூடத்தில் பழகிய டேனிஷ் சொல். இங்கே பிறந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் அந்த வீடியோவுக்கு வைத்திருக்கும் சொல் அதுதான்.

போகத் திரும்பியவள் நின்றாள். "மாமி வருவாவோ?"

"ஏன், வரவேணுமோ?"

"அப்பா ஒவ்வொரு நாளும் ஆக்களின்ரை லிஸ்டை எடுத்துப் பாக்கிறார். அவவின்ரை பேருக்குப் பக்கத்திலை மட்டும் ஒண்டும் இல்லை. கேட்டால், சும்மா பாக்கிறன் எண்டுறார்." தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கினாள். "எனக்கும் வரவேணும்."

ஒன்றாம் பிரதி தூசியைத் தவிர வேறு குறையில்லாமல் ஓடியது. இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில் மீசைக்காரர் கைகுலுக்கினார். கையை விட்டார். இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வந்தது நான்கு நிமிடம் பத்து விநாடி.

பிரெடெரிசியா அக்கா மயில்கழுத்து நிறச் சேலையில் மேடைக்கு ஏறுகிறார். எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்குகிறார். மச்சாள் வந்து முழங்கையைப் பிடித்து இடத்தைக் காட்டுகிறார். பிறகு குனிந்து அக்காவின் சேலைக் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்கிறார். அக்காவும் இன்னொரு பெண்ணும் தட்டைப் பிடித்து மூன்று முறை சுற்றுகிறார்கள். அக்கா பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைக்கிறார். பிள்ளை குனிந்து கும்பிட, தூக்கிக் கொஞ்சுகிறார். மேடையின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோட் போட்ட ஒருவர், ஒரு பெண்ணின் கறுப்புக் கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்தபடி, முழு நேரமும் நிற்கிறார். அவர்தான் அக்காவின் கணவர். எங்கும் வெட்டு இல்லை. இரண்டு தரம் பார்த்தேன், பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தியும் பார்த்தேன்.

புதிய பிரதி ஒன்றை ஆகக் குறைந்த வேகத்தில் எடுத்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணித்தியாலம் ஆனது. கத்தரிக்காய் முடியவில்லை என்பது உண்மைதான்.

சனிக்கிழமை காலை ரயிலில் பிரெடெரிசியாவுக்குப் போனேன். இறுவட்டை ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வழியில் என்ன சொல்வது என்று வசனம் அமைத்துப் பார்த்தேன். பத்திரிகைக்கு எழுதுவது போல, யார், எங்கே, எப்போது. 'ஏன்' என்பதற்கு வந்தபோது மூன்று மணிக்கு வேலை என்பதைத் தவிர எதுவும் இருக்கவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். கண்களின் கீழ் வீங்கியிருந்தது. உட்காருமுன்னமே சொன்னேன்.

"பொட்டிலை பிழை இல்லை, அக்கா. நான் அண்டைக்குப் போட்டுப் பாக்காமல் சொன்னது. உங்கடை பிரதியை நான்தான் கெடுத்தனான். கொப்பி எடுக்கேக்கை வேகத்தைக் கூட்டிப்போட்டன். கடைசிப் பகுதி எழுதுப்படேல்லை."

"ஆர் கூட்டினது?"

"நான்."

"என்னத்துக்கு?"

"மூண்டு மணிக்கு வேலை இருந்தது."

அவர் கதிரையில் இருந்தார். தொலைக்காட்சிக்கு மேல் கணவரின் படம், அதற்கு மின்விளக்கு.

"ஒரு கிழமை நான் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ. அதுக்கு முதல் பதினாறு வருஷம் அவையிலை கோவம். ஒரு கிழமை என்னிலை கோவம்."

"தெரியும்."

"தெரியாது உமக்கு." பிறகு, "பேப்பரிலை பிழை விட்டால் என்ன செய்வியள்?"

"அடுத்த நாள் திருத்தம் போடுவம்."

"எங்கை?"

"உள்பக்கத்திலை. கீழை."

"சின்ன எழுத்திலையாக்கும்."

"ஓம்."

"நினைச்சன்," என்றார். "சரி, போடும் பாப்பம்."

அவருடைய பிளேயர் பழையது, ஆனால் எடுத்தது. நான் நேராகக் கடைசிக்குத் தள்ளப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தொடக்கத்திலிருந்து பார்த்தோம். நடுவில் எழுந்து சோறு போட்டார், அதைத் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே சாப்பிட்டோம். மீசைக்காரர் கையை நீட்டியபோது அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். கைகுலுக்கல் முடிந்தது. மயில்கழுத்துச் சேலை மேடைக்கு ஏறியது.

மச்சாள் கொசுவத்தைச் சரிசெய்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஓடவிடச் சொன்னார்.

முடிந்ததும் மறுபடி அந்த நான்கு நிமிடத்தைப் போடச் சொன்னார். மூன்றாவது முறை போட்டபோது அவர் ஆலாத்தியைப் பார்க்கவில்லை, மேடையின் ஓரத்தைப் பார்த்தார்.

"என்ரை ஹாண்ட்பாக்கை நிலத்திலை வைக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு ஏறினனான். பாரும், வைக்கேல்லை."

"ஓம்."

"வீட்டிலை ஒரு சொல்லும் கேக்கமாட்டார், மனிசன்."

தேத்தண்ணி வைத்தார். வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "இனி நான் ஆலாத்தி எடுக்கேலாதுதானே. அதுதான் கடைசியா எடுத்தது."

கணவரை இழந்த பெண் மங்கல காரியங்களில் ஆலாத்தி எடுப்பதில்லை. டென்மார்க்குக்கு வந்தும் எங்கள் ஆட்கள் இதை விடவில்லை. எடுக்கலாம் என்று சொல்லக்கூடியவள் நான் இல்லை. நானும் யாரையும் அப்படி அழைத்ததில்லை.

பிறகு தொலைபேசியை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, தம்பியின் எண்ணை அழுத்தினார். அவருக்குக் காது சற்று மந்தம், சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"தம்பி, அக்கா கதைக்கிறன்."

"ஓம், சொல்லுங்கோ."

"நான் கலியாணத்துக்கு வாறன்."

மறுபக்கம் யாரோ கதவை மூடும் சத்தம் கேட்டது.

"சரியக்கா."

"ஏன் இவ்வளவு நாளும் கதைக்கேல்லை எண்டு வந்து சொல்லுறன். இஞ்சை ஒரு பிள்ளை ஒரு பிழை விட்டிட்டுது. நானும் ஒண்டு விட்டிட்டன். மச்சாளுக்கும் சொல்லு. சிரிக்கவேண்டாம் எண்டு சொல்லு."

"சரியக்கா. எத்தினை பேர் வாறியள்?"

அக்கா படத்தைப் பார்த்தார்.

"நான் ஒராள்தானே."

கலியாணத்தன்று எனக்கு வேலை. போகவில்லை. பத்து நாளில் வீடியோ வந்தது. இறுவட்டு இல்லை, தொலைபேசிக்கு ஒரு இணைப்பு. முப்பது நாளுக்குப் பிறகு திறக்காது என்று கீழே டேனிஷில் எழுதியிருந்தது. வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றி, நேராகக் கடைசிக்குத் தள்ளினேன்.

கடைசி ஆலாத்தி மூன்று மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் வருகிறது. எடுப்பவர்கள் இருவர். ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். மற்றவர் மச்சாளின் அக்கா. பிரெடெரிசியா அக்கா மேடைக்குக் கீழே, முன்வரிசையில், இடமிருந்து இரண்டாவது கதிரையில் இருக்கிறார்.